மாமனார் ஓட்டிய விமானம்

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கேம் விளையாடியவர் என் மாமனார். பட்டாளத்தில் லாரி ஓட்டி, ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தவர். பணியில் இருந்த காலமெல்லாம் தலைக்கு மேலே விமானங்கள் போவதைப் பார்த்தாரே தவிர, ஒன்றில்கூட ஏறியதில்லை. அந்தக் குறையை இராஜபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து தீர்த்துக்கொண்டார்.

கம்ப்யூட்டர் என்னுடையது. கல்யாணத்துக்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சி என்கிற புரோகிராம் மொழி சொல்லிக்கொடுத்தேன். அந்தச் சம்பளத்தைச் சேர்த்து வாங்கிய மிஷின் அது. தொண்ணூறுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம் ஆனபோது கட்டில், பீரோவோடு அதுவும் டெம்போவில் ஏறியது. மானிட்டரை மட்டும் யாரையும் நம்பிக் கொடுக்காமல் காரில் என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மாலையும் கழுத்துமாகப் பெண் டி.வி.யைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினாள் என்று தெருவில் ரொம்ப நாள் பேசினார்கள்.

என் கணவர் வீட்டுக்குப் பின்னாலேயே பேண்டேஜ் துணி வெட்டிச் சுருட்டும் யூனிட் வைத்திருந்தார். அவருக்கு பில் போடுவதற்கு ஒரு புரோகிராம் எழுதித்தர வேண்டும் என்பது என் திட்டம். அதற்குள் அவருடைய சிநேகிதர் ஒருவர் விளையாட்டுக்கு ஒரு விமான கேமை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். கணவர் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமா உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. மதுரைக்குப் போய் ஜாய்ஸ்டிக் ஒன்று வாங்கி வந்தார். காலையில் பேப்பரை ஒரு எழுத்து விடாமல் படித்து முடித்ததும் வானத்தில் ஏறினால், சாப்பாட்டு நேரத்துக்குத்தான் இறங்குவார். யாராவது அவரைத் தேடி வந்தால் அத்தை வாசலிலேயே சொல்லிவிடுவார்: "அவிய டெல்லிக்குப் போயிருக்காவ. செத்த நேரம் உக்காருங்க, இறங்கிருவாவ."

எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. பிடிக்காமல் போனது மிஷின் படும் பாடு. மாமாவுக்குப் புதுப் புது கேம் வேண்டும். யார் யாரிடமிருந்தோ ஃப்ளாப்பி வரும், ஒவ்வொன்றிலும் ஒரு வைரஸ் இருக்கும். நடுவானத்தில் விமானம் அப்படியே நின்றுவிடும், திரை நீலமாகிவிடும். நான் எல்லாவற்றையும் அழித்துத் திரும்பவும் ஏற்றுவேன். ஒருமுறை மிஷின் அப்படிப் படுத்தபோது, கணவருக்காக நான் பாதி எழுதி வைத்திருந்த பில் புரோகிராமும் சேர்ந்து போனது. அன்றைக்கு முடிவு செய்தேன்.

கம்ப்யூட்டரை இயக்க லினக்ஸ் என்று வேறொரு சிஸ்டம் இருப்பது எனக்குத் தெரியும். ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு அதன் சி.டி. இலவசமாக வந்திருந்தது. சென்டரில் ஒருவரும் அதைத் தொடவில்லை. நான் மட்டும் எடுத்துப் பத்திரமாக வைத்திருந்தேன். செய்து பார்த்தால் வரும் என்ற நம்பிக்கை எனக்கு எப்போதும் உண்டு. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

காலைப் பலகாரத்தின்போது சொன்னேன்.

"மாமா, மிஷின்ல இருக்கிறது அம்புட்டையும் அழிச்சிட்டு வேற சிஸ்டம் போடப் போறேன்."

மாமா இட்லியிலிருந்து கையை எடுத்தார். "எம் பிளேனையுமா?"

"ஆமா மாமா. புதுசுல அது ஓடுமான்னு தெரியல. ஓடலைன்னா வேற வழி பாக்கேன்."

"ஓடுததை ஏம்மா நிறுத்துத?"

"எங்க மாமா ஓடுது? நேத்தும் நடுவானத்துல நின்னுச்சே."

"நின்னா நீதான் திரும்ப ஓட வச்சிருதியே."

"எத்தனை வாட்டி ஓட வைக்க? பானெட்டைப் பூட்டி சாவியத் தராம ஒரு லாரியக் குடுத்தா நீங்க ஓட்டுவியளா? இப்ப இருக்கிற சிஸ்டம் அப்படித்தான். நான் போடப் போறதுல பானெட்டைத் திறந்து பாக்கலாம். என்ன கோளாறுன்னு நாமளே கண்டுபிடிக்கலாம்."

கணவர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், சட்னியைப் பார்த்தார். மாமா கையைக் கழுவிக்கொண்டு வந்து, "மிஷின் ஒன்னுது. ஒன் இஷ்டம்" என்றார். அது சம்மதம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வார்த்தை வந்துவிட்டது. எடுத்துக்கொண்டேன்.

யூனிட்டுக்கு விடுமுறை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தேன். ஹார்ட் டிஸ்க்கை எப்படிப் பிரிக்க, எந்தப் பகுதியை அழிக்க என்று அது கேள்வி மேல் கேள்வி கேட்டது. தெரிந்ததற்குப் பதில் சொன்னேன், தெரியாததற்கு நிதானமாக யோசித்துப் பதில் சொன்னேன். சாயங்காலம் எல்லாம் முடிந்து மிஷின் எழுந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் என் பெயரைக் கேட்டது. அடித்தேன். கடவுச்சொல் கேட்டது. அடித்தேன். அதற்குப் பிறகு ஒரு சின்னக் கோடு கண் சிமிட்டிக்கொண்டு நின்றது. அவ்வளவுதான். படம் இல்லை, நிறம் இல்லை, சத்தம் இல்லை.

அத்தை எட்டிப் பார்த்தார். "என்னட்டி இது, கலர் டி.வி.ய இப்படி ப்ளாக் அண்ட் ஒயிட்டா ஆக்கிப்புட்ட?"

மாமா மறுநாள் காலையில் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அய்யனார் கோவில் அருவிக்குக் குளிக்கப் போகிறேன் என்று அத்தையிடம் மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். அதற்கு மறுநாளும் போனார். நாள் முழுக்க அருவிக்கரையில் மற்ற பட்டாளத்துக்காரர்களோடு உட்கார்ந்திருந்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டர் இருக்கும் பக்கம் முதுகைக் காட்டி உட்காருவார்.

எனக்கோ அந்தக் கறுப்புத் திரை பிடித்துப்போயிருந்தது. எதைக் கேட்டாலும் பதில் சொன்னது. கிராபிக்ஸ் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்ற விளக்கமும் அந்த சி.டி.யிலேயே இருந்தது. பக்கம் பக்கமாகப் படித்தேன். மிஷினுக்குள் இருக்கும் டிஸ்ப்ளே கார்டின் சிப் என்ன வகை என்று தெரிந்தால் போதும். சொல்லிவிட்டால் படம் வந்துவிடும்.

ஒரு மதியம் கேபினட்டின் திருகாணிகளைக் கழற்றி மூடியை எடுத்தேன். உள்ளே இருட்டு. சிப்பின் மேல் பொடிப்பொடியாக எழுத்து இருந்தது, படிக்க முடியவில்லை. பின்னாலிருந்து டார்ச் வெளிச்சம் விழுந்தது. அருவியிலிருந்து அன்று சீக்கிரமே திரும்பியிருந்த மாமா நின்றுகொண்டிருந்தார். பானெட்டைத் திறந்த வண்டியைப் பார்த்து அவரால் சும்மா இருக்க முடியவில்லை போல.

"என்ன தேடுத?"

"அந்தக் கறுப்பு வில்லை மேல ஒரு பேரு இருக்கும் மாமா. அதைப் படிக்கணும்."

டார்ச்சை என்னிடம் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக் குனிந்தார். எறும்பு மாதிரி இருந்த அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக இங்கிலீஷில் சொன்னார். ஒன்றுகூடத் தப்பில்லை.

அன்று மாலையே படம் வந்தது. முதலில் கொசுவலை மாதிரி சாம்பல் நிறத் திரை, நடுவில் ஒரு பெருக்கல் குறி. நான் கை தட்டினேன். மாமா பார்த்துவிட்டு, "இதுக்கா இம்புட்டுப் பாடு?" என்றார். இரண்டொரு நாளில் சவுண்ட் கார்டையும் வழிக்குக் கொண்டுவந்தேன். ஆனால் அவருடைய பழைய விமானம் ஏறவில்லை. வேறொரு புரோகிராமை நடுவில் வைத்து ஓட்டப் பார்த்தேன். ஓடுதளம் வரை வந்து நின்றுவிட்டது. நேராகப் போய்ச் சொல்லிவிட்டேன்.

"ஓடல மாமா. ஆனா சி.டி.யில வேற ஒரு பிளேன் இருக்கு. சின்னது."

அது உண்மையிலேயே சின்னது. திரையின் அடியில் ஒரு விமானம். மேலேயிருந்தும் இரண்டு பக்கத்திலிருந்தும் எதிரி விமானங்கள் வரும், சுட வேண்டும். மாமா மனசில்லாமல் உட்கார்ந்தார். அம்புக்குறி பொத்தானில் கை வைப்பதற்குள் செத்துப்போனார். திரும்ப ஆரம்பித்தார். திரும்பவும் செத்தார்.

"என்னம்மா இது, ஏறி உக்காருததுக்குள்ள சுட்டுப்போடுதான். எதிரிக்கு வேகம் சாஸ்தி."

"செத்த இருங்க மாமா."

அவரை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன். அந்த கேமை எழுதிய புரோகிராம் முழுவதும் சி.டி.யிலேயே இருந்தது. நான் நாலைந்து வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே சி மொழி. எதிரியின் வேகம் எங்கே இருக்கிறது என்று தேடி, எண்ணைப் பாதியாக்கி, மிஷினுக்குப் புரியும்படி திரும்பத் தொகுத்து ஓட்டினேன்.

"இப்பப் பாருங்க."

மாமா ஓட்டினார். எதிரிகள் நிதானமாக வந்தார்கள். ஒருவனைச் சுட்டார், இன்னொருவனைச் சுட்டார். பிறகு கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாருகிட்ட கேட்டு மாத்துன?"

"யாருகிட்டயும் கேக்க வேண்டாம். எழுதுனவரு பானெட்டைத் திறந்தே குடுத்திருக்காரு."

"நாம மாத்துனா கேஸு கீஸு போட மாட்டானா?"

"மாத்திக்கிடுங்கன்னு சொல்லித்தான் குடுத்திருக்காரு மாமா."

அவர் நாற்காலியைத் திரைக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "அப்ப அந்தத் துப்பாக்கிக்கு இன்னும் கொஞ்சம் குண்டு போட்டுத் தா" என்றார்.

அதோடு அருவிக்கரைக்குப் போவது நின்றது. தினமும் ஒரு உத்தரவு வரும். எண்ணெய் தீர்ந்தால் விமானம் இறங்க வேண்டும், அது பாட்டுக்குப் பறந்துகொண்டே இருக்கக் கூடாது. கீழே வெறும் கறுப்பாக இருக்கக் கூடாது, மலை வேண்டும். எந்த மலை என்று கேட்டேன். ஜன்னலைக் காட்டினார். மேற்கே தெரிந்த மலையின் விளிம்பை ஒரு தாளில் வரைந்து, புள்ளி புள்ளியாக எண்ணித் திரையில் கொண்டுவந்தேன். விமானம் அடிபட்டால் ஆள் பாராசூட்டில் குதிக்க வேண்டும் என்றார். அதையும் செய்தேன். காலையில் யூனிட்டுக்குப் போகும்போது கணவர் கேட்பார்: "இன்னைக்கு என் பில்லு உண்டா, இல்ல ஏர்ஃபோர்ஸ் வேலையா?" இரண்டும் நடந்தது. பில் புரோகிராம் அந்த வருஷமே முடிந்தது. மிஷினும் அதற்குப் பிறகு ஒருநாள்கூடப் படுக்கவில்லை.

ஒருநாள் மாமா கோபமாக என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீ ஏதோ பண்ணி வச்சிருக்க. மேல இடது பக்க மூலையில இருந்து வருதான் பாரு ஒருத்தன், அவன் வாரதே தெரியல. திடீர்னு பக்கத்துல வந்து நிக்கான்."

நான் அந்தப் பக்கம் ஒன்றும் மாற்றவில்லை. எழுதியதைத் திறந்து பார்த்தேன். எதிரிகள் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே மாதிரிதான் வந்தார்கள். நான் ஓட்டிப் பார்த்தேன். மூலையிலிருந்து வருகிறவன் வெளியே தலை நீட்டியதுமே தெரிந்தான். கணவரை ஓட்டச் சொன்னேன். அவருக்கும் தெரிந்தான். நிறம்தான் கோளாறோ என்று மஞ்சளாக்கினேன். மாமாவுக்குத் தெரியவில்லை. பெரிதாக்கினேன். அப்போதும் அதே மூலையிலிருந்து வந்தவன்தான் அவரைச் சுட்டான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோளாறு நான் எழுதியதில் இல்லை.

மறுநாள் சண்டை எதுவும் இல்லாமல் ஒரு திரையைச் செய்தேன். நடுவில் ஒரு கூட்டல் குறி. சுற்றி ஒன்பது இடங்களில் ஒவ்வொரு விமானம் அசையாமல் வந்து நின்றுவிட்டு மறையும். மாமாவை உட்காரவைத்தேன்.

"நடுவுல இருக்கிற குறியை மட்டும் பாருங்க மாமா. கண்ணை அங்கிட்டு இங்கிட்டு எடுக்கக் கூடாது. பிளேன் தெரிஞ்சா பொத்தானை அமுக்குங்க."

அமுக்கினார். கீழே வந்தபோது அமுக்கினார், வலது பக்கம் வந்தபோது அமுக்கினார். மேல் இடது மூலையில் மஞ்சள் விமானம் வந்து நின்றது. அவர் கை அசையவில்லை. நடுக்குறியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். வலது கண்ணைப் பொத்தச் சொன்னேன். மேலே வந்தவற்றில் பாதிக்கு மேல் தெரியவில்லை. இடது கண்ணைப் பொத்தச் சொன்னேன். அதிலும் அந்த மூலை இல்லை. கடைசியாக மூலையில் வந்த விமானத்தை மட்டும் மறையாமல் நிறுத்திவைத்தேன்.

"முடிஞ்சுதா? எத்தனை மார்க்கு?" என்று கேட்டார்.

"மாமா, இப்ப அந்த மேல் மூலையப் பாருங்க."

திரும்பிப் பார்த்தார். விமானம் இருந்தது.

"இது எப்ப வந்துச்சு?"

"நீங்க குறியைப் பாத்துக்கிட்டு இருந்தப்பவே வந்திருச்சு. அங்கயேதான் நிக்கி."

அவர் திரும்பவும் நடுக்குறியைப் பார்த்தார். மூலையைப் பார்த்தார். நடுக்குறியைப் பார்த்தார். முகத்திலிருந்த விளையாட்டு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். அது துடைத்தால் போகிற விஷயம் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

"எம்புட்டு நாளா இப்படி இருக்கும்மா?"

"தெரியல மாமா. நாளைக்கு மதுரைக்குப் போவோம்."

கணவருக்கு நம்பிக்கை வரவில்லை. "நேத்துக்கூட கூரியர் பேப்பர்ல இருந்த பொடி எழுத்தப் படிச்சாரே. கேம்ல தெரியலைன்னு ஆஸ்பத்திரிக்குப் போனா சிரிப்பாங்க" என்றார்.

"சிரிக்கட்டும். சிரிச்சிட்டுப் பாக்கட்டும்" என்றேன்.

அத்தைதான் முடித்துவைத்தார். "அன்னைக்குக் கதவு நிலையில தலைய இடிச்சுக்கிட்டாவ. நிலை தெரியலைன்னாவ. நான் ஏதோ ரோசனையில போறாவன்னு நெனச்சேன். நீ கூட்டிட்டுப் போ."

விடியற்காலையில் பஸ் ஏறினோம். ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டும்போது மாமா ஜன்னல் வழியாகக் கோபுரத்தைத் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று சோதித்துக்கொண்டே வந்திருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு இருட்டறைக்குள் அவரை உட்காரவைத்தார்கள். வெள்ளைக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து வைத்தது மாதிரி ஒரு மிஷின். தாடையை அதில் பதித்துக்கொண்டு நடுவிலிருக்கும் விளக்கை மட்டும் பார்க்க வேண்டும், சுற்றி எங்கே வெளிச்சப் புள்ளி தெரிந்தாலும் பொத்தானை அமுக்க வேண்டும் என்றாள் அங்கிருந்த பெண். மாமா தாடையை எடுத்துவிட்டுத் திரும்பினார்.

"இது என்னம்மா, இதே மிஷினு எங்க வீட்டுல இருக்கு. எம் மருமக செஞ்சிருக்கா."

அந்தப் பெண் சிரித்தாள். மாமா சிரிக்காமல், ஒன்பது இடத்தில் வந்த விமானங்களைப் பற்றி விளக்கமாகச் சொன்னார். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுப் போய் டாக்டரம்மாவிடம் சொன்னாள்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்றிருக்கிறது என்றார் டாக்டரம்மா. ஓரத்திலிருந்துதான் தின்னும், நடுப்பார்வை கடைசி வரை தெளிவாக இருப்பதால் ஆட்களுக்குத் தெரியாது, தெரிந்து வரும்போது பெரும்பாலும் முக்கால்வாசி போயிருக்கும் என்றார். "போனது திரும்பி வராது ஐயா. இருக்கிறதைக் காப்பாத்தலாம். வாழ்நாள் பூரா சொட்டுமருந்து விடணும், ஒருவேளை கூடத் தவறக் கூடாது."

"உத்தரவு" என்றார் மாமா.

வெளியே வந்து காபி குடித்தோம். மாமா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நான் பாட்டுக்குப் பழைய பிளேனையே ஓட்டிக்கிட்டு இருந்திருந்தா, சிஸ்டம் சரியில்லன்னு சொல்லி மிஷினத்தான் வஞ்சிருப்பேன்" என்றார். அவர் எனக்கு நன்றி சொன்னது அப்படித்தான். எனக்கு அது போதுமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அந்த மூலையிலிருந்து எதிரி வராமல் நிறுத்திவிடவா என்று கேட்டேன். மாமா சுருக்கென்று நிமிர்ந்தார்.

"எதுக்கு? நெசத்துல அந்தப் பக்கமிருந்து லாரி வராமலா இருக்கப் போவுது? வரட்டும். ஆனா வரும்போது ஒரு சத்தம் குடு."

செய்தேன். அந்த மூலையில் எவன் தலை நீட்டினாலும் இடது ஸ்பீக்கரில் மட்டும் ஒரு மணி அடிக்கும். மணி கேட்டதும் அவர் தலையைத் திருப்பிப் பார்ப்பார். நாளாக ஆக மணியின் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். கடைசியில் மணியே வேண்டாம் என்றார். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தானாகவே அந்தப் பக்கம் திரும்பும் பழக்கம் கழுத்துக்கு வந்துவிட்டது. தெருவைக் கடக்கும்போதும் அப்படியே திரும்பினார். சொட்டுமருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொண்டார். அத்தைக்கு அந்த வேலையைக் கொடுக்கவில்லை. அடுத்த சோதனையிலும் அதற்கடுத்த சோதனையிலும் பார்வை அதற்கு மேல் போகாமல் அப்படியே நின்றது.

ஒன்பது விமானத் திரையை அத்தையும் கணவரும் ஓட்டினார்கள், யூனிட்டில் வேலை பார்த்த பெண்களும் மதியச் சாப்பாட்டுக்கு நடுவில் வரிசையாக வந்து ஓட்டினார்கள். எல்லோருக்கும் ஒன்பதும் தெரிந்தது.

பிறகு ஒருநாள் மாமாவோடு பட்டாளத்தில் இருந்தவர் ஒருவர் சோழபுரத்திலிருந்து வந்தார். பேரப்பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறாராம். மாமா மலைக்கு மேலே பறப்பதைப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இந்த கேம் எந்தக் கடையில கெடைக்கும்?" என்று கேட்டார்.

"கடையில கெடைக்காது. ஒரு ஃப்ளாப்பி கொண்டா, மருமக போட்டுத் தரும்" என்றார் மாமா.

"ஒங்க மலை எனக்கு எதுக்கு? எங்க ஊருப் பக்கம் மலை இப்படியா தெரியும்?"

மாமா பொத்தான்களை விட்டுவிட்டு முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"கேமை எழுதுன புரோகிராமும் உள்ளேயே இருக்கும்ப்பா. ஒங்க மலையை நீங்க போட்டுக்கிடுங்க. அதுக்குத்தான குடுக்குறது."

வந்தவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னார். "ஏம்மா, அந்த எழுத்து இருக்கிற பக்கத்தைத் திற. இவனுக்குக் காட்டணும்" என்றார். திறந்து கொடுத்துவிட்டு, இருவருக்கும் காபி போட உள்ளே போனேன்.